குசினிக் குப்பை அரைக்கும் மெசினும் எர்த் வயரும்



சென்ற நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் ஒரு நேயர் தொலைபேசியில் வந்து கேட்டார்: "சிங்குக்குக் கீழே குப்பை அரைக்கிற மெசின் ஒன்று வாங்கிப் பூட்டப் போறன். அடிமூடியைத் திறந்தால் கறுப்பு வயர் ஒன்று, வெள்ளை வயர் ஒன்று, ஒரு பச்சைத் திருகாணி இருக்கு. கறுப்பையும் வெள்ளையையும் கொழுவினாலே மெசின் ஓடும் எண்டு சொல்லுகினம். அப்ப அந்தப் பச்சை என்னத்துக்கு? விட்டால் என்ன?" நேரம் போதாமையால், இப்போதைக்குப் பூட்டாமல் இருங்கள் என்று மட்டும் அவருக்குச் சொன்னேன். அவருடைய கேள்வி நல்ல கேள்வி. கேட்காமலே பூட்டிவிட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால் இன்றைய பேச்சை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

இந்த மெசினுக்குக் கனடாவில் கார்பறேற்றர் என்று பெயர். வாகன எஞ்சினில் இருக்கும் கார்பறேற்றர் வேறு, இது வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடையில் கேட்கும்போது முதல் எழுத்தை அழுத்திச் சொல்லுங்கள். 1927 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், ரசீன் என்ற ஊரில் ஜோன் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கியது இது. உள்ளே கத்தி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கத்தி இல்லை. வட்டத் தட்டு ஒன்று வேகமாகச் சுற்றும். அதில் பூட்டியிருக்கும் உலோகக் கட்டைகள் சாப்பாட்டு மிச்சத்தைப் பக்கத்து வளையத்தோடு அடித்துத் தேய்க்கும். அது கூழாகித் தண்ணீரோடு போகும். எங்களுடைய பேச்சுக்கு முக்கியமான சங்கதி, மோட்டார் இருக்கும் இடம். தண்ணீர் ஓடும் அறைக்கு நேர் கீழே அது இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சீல்தான் காவல். அந்தச் சீல் வருடக் கணக்கில் தேயும். தேய்ந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும்.

வாங்கவே வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் மழைத் தண்ணீரும் கழிவுத் தண்ணீரும் ஒரே குழாயில் போகின்றன. அப்படியான இடங்களில் இந்த மெசினைப் பூட்ட நகரசபை விதி இடம் தருவதில்லை. உங்கள் வீதி எந்த வகை என்று 311 இல் கேட்டுவிட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், பச்சைத் தொட்டி வாசலுக்கு வந்து எடுத்துப்போகிற ஊரில் எங்கள் குசினிக்கு இது பெரிய தேவை இல்லை. முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்த் தும்பு, வாழைப்பூ மடல், எலும்பு என்று எங்கள் வீட்டு மிச்சத்தில் பாதி இந்த மெசினைச் சிக்க வைக்கிற சாமான். ஆனால் வாங்கிய வீட்டில் ஏற்கெனவே பூட்டியிருந்தால்? அல்லது அம்மாவுக்கு வசதி என்று பிள்ளைகள் வாங்கிக் கொண்டுவந்தால்? அப்போது அதைச் சரியாகப் பூட்டத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

எங்களில் பலருக்கு வயர் வேலை கைவந்தது. 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கி யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம். அந்தக் கைப்பழக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். இங்கே எத்தனையோ வீடுகளின் பேஸ்மென்ற் அந்தக் கைகளால் எழும்பியதுதான். ஆனால் ஒரு இடத்தில் அந்தப் பழக்கமே ஆளை விழுத்தும். அது வயரின் நிறம்.

ஊரில் நாங்கள் பழகிய பழைய வயரிங்கில் சிவப்பு கரண்ட், கறுப்பு நியூற்றல், பச்சை எர்த். இங்கே கறுப்புத்தான் கரண்ட். வெள்ளை நியூற்றல். எர்த் என்பது பச்சை வயர், அல்லது உறையே இல்லாத வெறும் செம்புக் கம்பி. ஐரோப்பாவில் சிலகாலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு மண்ணிறமும் நீலமும் பழக்கம்; அவர்களுக்கும் இது புதிதுதான். "கறுப்புத்தானே, நியூற்றல், தொடலாம்" என்று கை தானாகப் போகும். மூளைக்குத் தெரிந்தாலும் கைக்குப் பழைய ஞாபகம்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. இங்குள்ள பல குசினிகளில் மேசைத்தட்டுக்கு மேலே உள்ள பிளக் பொயின்ற்றைக் கழற்றிப் பார்த்தால் ஒரே கேபிளில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை, செம்புக் கம்பி என்று நான்கு இருக்கும். மேல் துளைகளுக்கு ஒரு கரண்ட், கீழ்த் துளைகளுக்கு இன்னொரு கரண்ட் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் 120 வோல்ற். சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலும் 120. ஆனால் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 240. இதை ஊர்க் கண்ணோடு பார்ப்பவர் என்ன செய்வார்? சிவப்பைக் கரண்ட் என்றும் கறுப்பை நியூற்றல் என்றும் எடுத்து மெசினுக்குக் கொழுவுவார். 120 வோல்ற் மோட்டாருக்கு 240 போகும். மோட்டார் எரிந்துபோனால் அவருக்கு அதிர்ஷ்டம், காசோடு போயிற்று. அந்த மேசைத்தட்டு வயரிலிருந்து வேறு மெசினுக்குக் கரண்ட் எடுக்கவே கூடாது என்பது இங்குள்ள விதி. குப்பை மெசினுக்கு வேறு வயர் வேண்டும். அரைக் குதிரைவலு மோட்டார் ஆறு, ஏழு அம்பியர் எடுக்கும். பெரியது பத்தை எட்டும். தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பனலிலிருந்து அதற்கென்று தனியாக ஒரு 15 அம்பியர் பிறேக்கரும் 14 ஆம் இலக்கச் செம்பு வயரும் போடுவதுதான் எனக்குத் திருப்தி.

பிறேக்கர் என்றவுடன் இன்னொரு ஊர் ஞாபகத்தையும் சொல்லவேண்டும். இன்று ஊரில் கட்டுகிற வீடுகளில் மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் "ரிப் சுவிச்" ஒன்று இருக்கும். யாருக்காவது கரண்ட் அடித்தால் வீடு முழுவதும் நின்றுவிடும். அண்மையில் போய்வந்தவர்கள் கண்டிருப்பீர்கள். இங்குள்ள பனலில் வரிசையாக இருக்கும் சாதாரண பிறேக்கர் அந்த வேலையைச் செய்யாது. அதற்கு உங்களைத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வயர்தான். வயர் சூடாகி எரியாமல் பார்ப்பதே அதன் வேலை.

கணக்காகச் சொல்கிறேன். நனைந்த கையோடு நிற்கும் ஒரு மனித உடம்பின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வையுங்கள். 120 வோல்ற் அதனூடாகப் போனால் 0.12 அம்பியர். பழைய 60 வாற்ஸ் குமிழ் ஒன்று அரை அம்பியர் எடுக்கும். அதில் கால்வாசி இது. ஆனால் நெஞ்சுக்குள்ளால் போனால் இதயத்தின் துடிப்பைக் குழப்பி ஆளைக் கொல்ல அது போதும். 15 அம்பியர் பிறேக்கருக்கோ 0.12 அம்பியர் ஒரு பொருட்டே இல்லை. அது பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்தப் பச்சைத் திருகாணிக்கு வருவோம். சீல் தேய்ந்து தண்ணீர் இறங்கி, அல்லது மெசின் அதிர்ந்து அதிர்ந்து வயரின் உறை உரசிப்போய், கறுப்பு வயரின் கரண்ட் மெசினின் உலோக உடம்பில் பட்டுவிட்டது என்று வையுங்கள். உடம்பிலிருந்து பச்சைத் திருகாணி வழியாகச் செம்புக் கம்பி ஒன்று பனலுக்குப் போயிருந்தால், அந்த வழியின் தடை ஒரு ஓம் கூட இராது. நூறு அம்பியருக்கு மேல் ஒரே பாய்ச்சலாகப் பாயும். பிறேக்கர் கண் இமைக்கும் நேரத்தில் விழும். நீங்கள் மெசின் பழுது என்று மட்டும் அறிவீர்கள். அந்தக் கம்பி இல்லாவிட்டால் பிறேக்கர் விழாது. மெசினின் உடம்பு 120 வோல்ற்றோடு சும்மா இருக்கும். உலோகப் பாகங்களாலும் ஈரத்தாலும் ஸ்ரெயின்லெஸ் சிங்க்கும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு கை சிங்க்கில் பாத்திரம் கழுவ, மற்றக் கை பக்கத்தில் இருக்கும் ஸ்ரவ்வையோ பிறிட்ஜ் கதவின் உலோகத்தையோ தொடுகிறது. அவை எர்த் பண்ணியவை. ஒரு கையால் ஏறி நெஞ்சைக் கடந்து மறு கையால் இறங்கும் வழி அப்போதுதான் முழுமையாகிறது.

அதனால்தான் எர்த் வயர் விடுபட்டுப் போகிறது. கறுப்பை விட்டால் மெசின் ஓடாது, உடனே தெரிந்துவிடும். வெள்ளையை விட்டாலும் அப்படித்தான். எர்த்தை விட்டால் ஒன்றும் தெரியாது. பத்து வருடம் நன்றாக ஓடும்.

எர்த் இல்லாத வீட்டில் சிலர் செய்யும் மூன்று குறுக்கு வழிகளைச் சொல்கிறேன். மூன்று கால் பிளக்கின் மூன்றாவது காலை முறிப்பது, அல்லது இரண்டு கால் அடப்ரர் போடுவது முதலாவது. இதற்கு விளக்கம் தேவையில்லை. இரண்டாவது, தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவது. பழைய வீட்டில் செம்புக் குழாய் நிலத்துக்குள் போனது உண்மைதான். ஆனால் பாத்றூம் திருத்தும்போது பிளம்பர் நடுவில் பிளாஸ்ரிக் குழாய் போட்டிருப்பார். அந்த இடத்தோடு உங்கள் எர்த் முடிந்தது. வெறும் நிலத்தில் ஒரு கம்பியை அடித்து இறக்கினாலும் போதாது. எர்த் வயர் பனலுக்குத் திரும்பிப் போகவேண்டும், அப்போதுதான் பிறேக்கரை விழுத்தும் அளவுக்குக் கரண்ட் ஓடும்.

மூன்றாவதுதான் பொல்லாதது. பச்சைத் திருகாணியிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து வெள்ளை வயரோடு சேர்த்துவிடுவது. "இரண்டும் பனலில் ஒரே இடத்துக்குத்தானே போகுது" என்று நியாயமும் சொல்வார்கள். எல்லாம் நன்றாக இருக்கும்வரை சரி. ஒருநாள் வெள்ளை வயர் வழியில் எங்கோ இளகுகிறது. அப்போது கறுப்பில் வந்த கரண்ட் மோட்டார்ச் சுருளைக் கடந்து வெள்ளைக்கு வரும், போக வழியில்லாமல் அந்தத் துண்டு வயரால் மெசினின் உடம்பில் ஏறும். மெசின் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று பார்க்கக் குனிந்து கையை வைப்பவருக்கு அது காத்திருக்கும். இந்தத் துண்டு வயரை மூன்று வெளிச்சம் காட்டும் சின்ன பிளக் ரெஸ்ரரும் கண்டுபிடிக்காது. எல்லாம் சரி என்றுதான் காட்டும். வீடு வாங்கும்போது அந்த வெளிச்சத்தை மட்டும் நம்பவேண்டாம்.

சரி, முறையாகப் பூட்டுவது எப்படி? முதலில் பனலில் பிறேக்கரை நிறுத்துங்கள். ரெஸ்ரரை, வேலை செய்கிற ஒரு பொயின்ற்றில் வைத்து அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் வயரில் வையுங்கள். பிறகு மீண்டும் வேலை செய்கிற பொயின்ற்றில். பற்றரி இறந்த ரெஸ்ரர் எந்த வயரையும் இறந்ததாகத்தான் காட்டும். அதனால்தான் மூன்று முறை.

மெசினின் அடிமூடியைக் கழற்றினால் சிறிய அறை. கேபிள் உள்ளே நுழையும் துளையில் கிளாம்ப் ஒன்றைப் போட்டு, உறை நசியாமல் இறுக்குங்கள். இந்த மெசின் ஒவ்வொரு முறையும் அதிரும். கிளாம்ப் இல்லாத கேபிள் தகரத்தின் கூர்விளிம்பில் உரசி உரசி வெட்டுப்படும். முதலில் செம்புக் கம்பி. அதன் நுனியைக் கொக்கிபோல வளைத்து, திருகாணி இறுகும் திசையிலேயே சுற்றி, பச்சைத் திருகாணியில் முறுக்குங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் இறுக்க இறுக்கக் கம்பி வெளியே தள்ளும். எர்த்தை முதலில் கொழுவச் சொல்வதற்கு ஒரே காரணம், கடைசிக்கு விட்டால் மறந்துபோகும். பிறகு வெள்ளையோடு வெள்ளை, கறுப்போடு கறுப்பு. இங்கே மறெற் என்று சொல்கிற திருகு தொப்பியால் முறுக்கி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ரேப் சுற்றினால் மட்டும் போதாது. சுவிச் கறுப்பு வயரைத்தான் வெட்டவேண்டும். வெள்ளையை வெட்டினாலும் மெசின் நிற்கும், ஆனால் உள்ளே கரண்ட் நின்றுகொண்டிருக்கும்.

சுவருக்குள் சுவிச் வயர் இழுக்க வசதி இல்லாத குசினிக்குக் காற்றுச் சுவிச் என்று ஒன்று விற்கிறார்கள். மேசைத்தட்டில் ஒரு பொத்தான். அதிலிருந்து கீழே போவது காற்றுக் குழாய் மட்டும். ஈரக் கையால் அழுத்தினாலும் பயமில்லை. எனக்குப் பிடித்த சாமான்.

மெசினுக்கு பிளக் வைத்து, கபேட்டுக்குள் ஒரு பொயின்ற் போடுவது இன்னும் நல்லது; பழுது பார்க்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டால் சந்தேகம் இல்லை. அந்தப் பொயின்ற் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்போடு இருக்கட்டும். போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் 5 மில்லி அம்பியர் அளவுக்கு வித்தியாசப்பட்டாலே நிறுத்திவிடும் கருவி அது. ஊர் ரிப் சுவிச்சின் தம்பி என்று சொல்லலாம். சிங்க்கிலிருந்து 1.5 மீற்றருக்குள் உள்ள பொயின்ற்களுக்கு இங்கே பொதுவாக அது கட்டாயம். அது இருக்கிறதே, எர்த் எதற்கு என்று கேட்காதீர்கள். எர்த் இருந்தால் பழுது வந்த கணத்திலேயே நின்றுவிடும். எர்த் இல்லாமல் ஜி.எஃப்.சி.ஐ. மட்டும் இருந்தால், அது நிற்பதற்கு யாராவது தொடவேண்டும்.

பூட்டி முடிந்ததும், பிளக்கைப் பொயின்ற்றில் போடுவதற்கு முன்னர் மீற்றரை ஓமில் வைத்து, பிளக்கின் எர்த் காலிலும் மெசினின் பெயின்ற் இல்லாத உலோகத்திலும் பிடியுங்கள். பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டவேண்டும். பிறகு பொயின்ற்றில் பாருங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் 120, கறுப்புக்கும் எர்த்துக்கும் 120, வெள்ளைக்கும் எர்த்துக்கும் ஏறத்தாழப் பூச்சியம். இரண்டாவது கணக்கு 120 காட்டாவிட்டால் எர்த் இல்லை. அதோடு வேலையை நிறுத்துங்கள்.

1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் பிற்பகுதி வரை கட்டிய வீடு என்றால் உள்ளே அலுமினிய வயர் இருக்கக்கூடும். ஸ்காபரோவில் அந்த வயதுடைய வீடுகள் நிறைய. அலுமினியத்தையும் செம்பையும் சாதாரண மறெற்றால் முறுக்கினால் அந்த இணைப்பு நாளடைவில் இளகிச் சூடாகும், நெருப்புப் பிடிக்கும். வெள்ளி நிற வயரைக் கண்டால் கையை எடுத்துவிட்டு எலெக்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லவேண்டும். ஒன்ராறியோவில் சொந்த வீட்டில் இருப்பவர் தன் வீட்டு வயரிங்கைத் தானே செய்யலாம். ஆனால் புதிய வயர் இழுப்பதென்றால் மின்பாதுகாப்பு அதிகாரசபையில் பெமிற் எடுத்து, சோதனைக்கும் விடவேண்டும். காசு கொடுத்துச் செய்விப்பதென்றால் லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்தகாரரிடம்தான் கொடுக்கலாம். "எங்கடை ஆள், மலிவாச் செய்வார்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அவர் நல்ல மனுசனாகவே இருக்கட்டும்; லைசென்ஸ் இலக்கத்தைக் கேளுங்கள், பெமிற் யார் எடுக்கிறார் என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. பெமிற் இல்லாத வயரிங்கால் நெருப்புப் பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான்.

இதை வீட்டுக்காரர்களுக்குச் சொன்னேன். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். புதிதாக வந்தவர்கள், வழக்கு முடியாதவர்கள், வாடகை குறைவென்று ஒரு அறையில் நான்கு பேராக இருப்பவர்கள், சிங்க்கில் கை வைக்கும்போது லேசாக விறைக்குது என்றால் சொல்லமாட்டார்கள். வீட்டுக்கார அண்ணை கோபிப்பார், எழும்பச் சொல்லுவார் என்று பயம். செருப்புப் போட்டுக்கொண்டு கழுவினால் அடிக்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். அந்த விறைப்பு, எர்த் இல்லாத உலோகத்தில் கரண்ட் நிற்கிறது என்பதன் அறிவிப்பு. இன்று செருப்பு, நாளைக்கு ஈரக்கால். அப்படி விறைத்தால் குசினிப் பிறேக்கரை நிறுத்திவிட்டு உடனே வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். பனல் பூட்டிய அறைக்குள் இருந்தால், சிங்க்கையோ மெசினையோ தொடாமல் விலகி நின்று சொல்லுங்கள். அவர் கவனிக்காவிட்டால் அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். வயரிங்கைப் பற்றி முறையிடுவதற்கும் உங்கள் வதிவிட வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டுக்காரர்களே, நீங்களும் ஒருமுறை கீழே போய்க் கேளுங்கள்: "தங்கச்சி, சிங்க்கில் கை வைக்கேக்கை ஏதும் செய்யுதோ?"

கடைசியாக, மெசின் சிக்கி "ம்ம்" என்று உறுமிக்கொண்டு நின்றால் கையையோ அகப்பைக் காம்பையோ உள்ளே விடவேண்டாம். பிறேக்கரை நிறுத்திவிட்டு, அடியில் நடுவே உள்ள அறுகோணத் துளையில் மெசினோடு வந்த சாவியைப் போட்டு இரு பக்கமும் அசைத்தால் இளகும். பிறகு அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமத்துங்கள். யாரையாவது கரண்ட் பிடித்திருந்தால் ஓடிப்போய் அவரை இழுக்காதீர்கள், நீங்களும் ஒட்டிக்கொள்வீர்கள். முதலில் பிறேக்கர், எது என்று தெரியாவிட்டால் மெயின், அதற்குப் பிறகு ஆள், உடனே 911. பனலில் எந்தப் பிறேக்கர் எதற்கு என்று தமிழிலேயே ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் இருக்கும் அம்மம்மாவும் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும்.